பழைய ரைசன் 3 2200ஜி கணினியை கேமுக்காக மேம்படுத்த: முதலில் கிராபிக்ஸ் கார்டா, ப்ராசஸரா?

கேள்வி: மேகநாதம்

வணக்கம் நண்பர்களே. என் கணினியின் விவரம் இது: ரைசன் 3 2200ஜி, இரண்டே ரேம் ஸ்லாட் உள்ள ஏ320 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 2400 ரேம் ஒரே ஸ்டிக், 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, கேபினட்டோடு சேர்ந்து வந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 1080பி 75 ஹெர்ட்ஸ் மானிட்டர், விண்டோஸ் 10.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2-இல் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் நன்றாகவே ஓடுகிறது. சண்டை மூண்டு, புகைக்குண்டும் விழுந்துவிட்டால் படம் விக்கி விக்கி நகர்கிறது. சைபர்பங்க் 2077-இல் எல்லா செட்டிங்கையும் கீழே இறக்கினாலும் 30 எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை) தொடுவதே பெரும்பாடு. ஊருக்குள் வண்டி ஓட்டும்போது ஓரிரு விநாடி அப்படியே உறைந்து நிற்கிறது.

ஆர்எக்ஸ் 6600 கார்டு வாங்கலாம் என்று நினைக்கிறேன். என் எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் கேபிள் இல்லை. சாட்டா கேபிளிலிருந்து 8 பின்னுக்கு மாற்றும் அடாப்டர் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். செய்யலாமா? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாது, ஒவ்வொன்றாகத்தான் வாங்க முடியும். எந்த வரிசையில் போவது?

பதில்: ஃபிரேம்கணக்கு

வாங்கும் முன் அளந்து பாருங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கேமிலும் நோய் வேறு வேறு போலத் தெரிகிறது. கார்டு மட்டும் மாற்றினால் ஒன்றில் பெரிய முன்னேற்றம் வரும், மற்றதில் ஏறக்குறைய எதுவும் மாறாது.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற அளவீட்டு மென்பொருளை நிறுவுங்கள். கூடவே ரிவாட்யூனரும் வரும். திரையில் தெரியும்படி இவற்றைக் குறியுங்கள்: ஜிபியு (கார்டின் கிராபிக்ஸ் சிப்) பயன்பாடு, ஜிபியு வெப்பம், கார்டு மெமரியின் அளவு, ரேம் பயன்பாடு, ப்ராசஸர் வெப்பம், ஒவ்வொரு கோரின் பயன்பாடும் தனித்தனியாக, ஃபிரேம்டைம் (ஒரு படத்துக்கு ஆகும் நேரம்) வரைபடம். வி-சிங்க் (படத்தை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் வசதி), எஃப்பிஎஸ் வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு, விக்கல் வரும் இடத்திலேயே பத்து நிமிடம் ஆடுங்கள்.

ஜிபியு 95 முதல் 99 விழுக்காட்டில் நின்றால் கார்டுதான் தடை. ஜிபியு 50, 60 என்று தளர்ந்து கிடக்க, கோர்களில் ஒன்றிரண்டாவது 100-ஐத் தொட்டுக்கொண்டே இருந்தால் ப்ராசஸர் தடை. மொத்த சிபியு பயன்பாட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஒரு கோர் முழுதாக முட்டி நிற்க, மற்ற மூன்றும் பாதி வேலை செய்தால் மொத்தம் 60, 65 என்றுதான் காட்டும், ப்ராசஸரிடம் இன்னும் தெம்பு இருப்பதாகத் தோன்றும்.

சந்தேகம் தீராவிட்டால் இன்னொரு சோதனை உண்டு. ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டு தடை. அசையாமல் நின்றால் ப்ராசஸர் அல்லது ரேம். இதற்குச் செலவே கிடையாது.

வெப்பத்தையும் விட்டுவிடாதீர்கள். ப்ராசஸர் 90 டிகிரியைத் தாண்டினால் முதலில் ஹீட்சிங்க் தூசியைத் தட்டிவிட்டு வெப்பம் கடத்தும் பேஸ்ட்டை மாற்றிப் பாருங்கள். சூட்டில் வேகம் குறைந்து ஓடும் கணினியை அளந்து பெறும் எண்களை வைத்து முடிவெடுக்க முடியாது.

பதில்: பன்னிரண்டு_வோல்ட்

சாட்டா அடாப்டர் கேள்விக்கு மட்டும் முதலில் பதில்: வேண்டாம். ஒரு நாள்கூட, சோதித்துப் பார்ப்பதற்குக்கூட வேண்டாம்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சாட்டா பவர் கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். பிசிஐஇ 8 பின் கனெக்டர் 150 வாட் வரை இழுக்க உரிமை உள்ளது. ஆர்எக்ஸ் 6600-இன் மொத்தத் தேவை 132 வாட். அதில் ஒரு பகுதி மதர்போர்டு ஸ்லாட் வழியாகப் போனாலும், மீதி அந்தச் சின்னக் கனெக்டரின் அளவைத் தாண்டும். முதலில் பின் சூடேறும், பிறகு பிளாஸ்டிக் இளகும். ஃபியூஸ் போகும் முன்பே கனெக்டர் கருகிவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

அடுத்து, கேபினட்டின் பக்கக் கதவைத் திறந்து எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் பாருங்கள். மேலே பெரிதாக எழுதிய 450 என்ற எண்ணை நம்ப வேண்டாம். 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, அதை 12-ஆல் பெருக்குங்கள். ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட் மட்டும்தான். 3.3 வோல்ட், 5 வோல்ட் கணக்கைக் கூட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது மலிவு எஸ்எம்பிஎஸ்களின் வழக்கம்.

புதிது வாங்கும்போது 550 வாட் போதும். அதில் 12 வோல்ட் 40 ஆம்பியருக்கு மேல் இருக்க வேண்டும், 6+2 பின் கேபிள் குறைந்தது ஒன்றாவது இருக்க வேண்டும். 80 பிளஸ் பிரான்ஸ் என்பது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே, பாதுகாப்புச் சான்று அல்ல. அதிமின்னோட்டம், அதிசுமை, குறுக்குச்சுற்று, அதிவெப்பம் ஆகிய நான்குக்கும் பாதுகாப்பு உண்டா என்று தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில் தேடுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் வாரன்டி தரும் மாடல் என்றால் தயாரிப்பாளருக்கே அதன்மேல் நம்பிக்கை இருக்கிறது என்று பொருள்.

மாடுலர் எஸ்எம்பிஎஸ் எடுத்தால் அதோடு வந்த கேபிளை மட்டும் பயன்படுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து பின் அமைப்புக்குப் பொது விதி கிடையாது. வேறு மாடலின் கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்து எஸ்எஸ்டியும் ஹார்ட் டிஸ்க்கும் அந்த நொடியே போய்விடும்.

பதில்: ஏஎம்4_அன்பன்

இந்தக் கணினியில் உள்ள மிகப் பெரிய நல்ல விஷயத்தை யாரும் இன்னும் சொல்லவில்லை: ப்ராசஸர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட். 2022-இல் ஏஎம்டி 300 வரிசை போர்டுகளுக்கும் ரைசன் 5000 ஆதரவைத் திறந்துவிட்டது. அதனால் மதர்போர்டை மாற்றாமல், ரேம் வகையை மாற்றாமல், 4 கோர் 4 த்ரெட்டிலிருந்து ரைசன் 5 5600-இன் 6 கோர் 12 த்ரெட்டுக்குப் போகலாம். எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே உள்ள அதிவேக நினைவகம்) 4 எம்பி-யிலிருந்து 32 எம்பி ஆகும். கேமுக்கு இந்தக் கேஷ்தான் உயிர். அதே காலத்து இன்டெல் போர்டு வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு தூரம் தாண்டும் வாய்ப்பு இல்லை.

ஆகவே என் கருத்து, முதலில் ப்ராசஸர். கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற கேமுக்கு 1050 டிஐ-யே ஓரளவு தாங்கும். 2200ஜி தாங்காது.

ஆனால் பணம் கொடுக்கும் முன் ஒரு வேலை. சிபியு-இசட் கருவியில் மெயின்போர்டு பக்கத்தைத் திறந்து போர்டின் மாடல் பெயர், ரிவிஷன், பயாஸ் (போர்டை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சில போர்டுகளில் ரிவிஷன் எண் போர்டின் ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். ஒரே பெயரில் ரிவிஷன் 1-க்கு ஒரு பயாஸும் ரிவிஷன் 2-க்கு வேறு பயாஸும் இருப்பது சகஜம். பிறகு அந்தப் போர்டின் ஆதரவுப் பக்கத்தில், ப்ராசஸர் பட்டியலில் '5600' என்ற பெயர் அப்படியே இருக்கிறதா, எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று பாருங்கள். 5600, 5600ஜி, 5500 மூன்றும் தனித்தனி வரியாக இருக்கும். ஒன்று இருப்பதால் மற்றதும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மேகநாதம்

அடாப்டர் எண்ணத்தை விட்டுவிட்டேன். சொன்னபடி அளந்தேன்.

கவுன்டர் ஸ்ட்ரைக் 2: சண்டை நேரத்தில் ஜிபியு 50-லிருந்து 60, நான்கு கோரும் 95-லிருந்து 100. ரெசல்யூஷனை 720பி ஆக்கினாலும் எஃப்பிஎஸ் அதே இடத்தில்தான்.

சைபர்பங்க்: ஜிபியு 99, கார்டு மெமரி 3.9 ஜிபி, ரேம் 7.6 ஜிபி. உறையும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100. ப்ராசஸர் வெப்பம் 74 டிகிரி.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்று இருக்கிறது. போர்டின் பக்கத்தில் 5600 பெயர் இருக்கிறது, அதற்குரிய பயாஸும் இருக்கிறது.

பதில்: பன்னிரண்டு_வோல்ட்

16 ஆம்பியர் என்றால் 192 வாட். 2200ஜி 65, 1050 டிஐ 75, போர்டு, ரேம், டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்து 30 என்று வைத்தால் இப்போதே 170-ஐ ஒட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கெபாசிட்டர்கள் வருடம் ஏற ஏற வலுவிழக்கும், அதனால் இந்த 192-ஐயும் இன்று முழுதாக நம்ப முடியாது. 5600 உச்சத்தில் 76 வாட், ஆர்எக்ஸ் 6600 132 வாட். மற்றதையும் சேர்த்தால் 240 வாட்டைத் தொடும், கார்டின் நொடிநேர எகிறல்கள் அதற்கும் மேலே. ஆகவே எந்த வரிசையில் போனாலும் கார்டுக்கு முன்னால் எஸ்எம்பிஎஸ் வந்தாக வேண்டும்.

பதில்: ஃபிரேம்கணக்கு

எண்கள் தெளிவாகவே பேசுகின்றன. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் ப்ராசஸர் தடை, சைபர்பங்கில் கார்டு தடை. ஆனால் சைபர்பங்கில் அந்த உறைதல் கார்டால் வருவதல்ல. ரேம் நிரம்பி, விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் பேஜ் ஃபைலாகத் தள்ளுகிறது. அதே டிஸ்க்கிலிருந்துதான் கேமும் தெருவையும் கட்டடத்தையும் படித்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையே டிஸ்க் ஹெட் ஓடி ஓடி மாய்கிறது, படம் நிற்கிறது. இந்த கேம் 2.0 பதிப்பிலிருந்து குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டியும் 12 ஜிபி ரேமும் கேட்கிறது. ஆர்எக்ஸ் 6600-ஐ இன்றைக்கே போட்டாலும் சராசரி எஃப்பிஎஸ் ஏறும், அந்த உறைதல் அப்படியே இருக்கும்.

அதனால் ப்ராசஸர் முதலில் என்ற அன்பனின் கருத்தோடு பாதிதான் உடன்படுகிறேன். முதல் செலவு ரேமும் எஸ்எஸ்டியும். இரண்டு கேமிலும் பலன் உடனே தெரியும், பின்னால் 5600 வந்தாலும் இவை வீணாகாது.

ரேமில் 8 ஜிபி இரண்டு ஸ்டிக், 3200 வேகம், சிஎல்16 (தாமத அளவு), ஒரே பெட்டியில் ஜோடியாக வருவது. இப்போது ஒற்றை ஸ்டிக் 2400-இல் ஓடுவதால் நொடிக்கு 19.2 ஜிபி-தான் கடக்க முடியும். இரட்டைச் சேனலில் 3200 என்றால் 51.2 ஜிபி. ப்ராசஸர் தடையாக இருக்கும் கேமில் இந்த வித்தியாசம் விக்கலில் நேரடியாகத் தெரியும். உங்கள் 2200ஜி-க்கு 2933 வரைதான் அதிகாரபூர்வ ஆதரவு. எக்ஸ்எம்பி-யை (ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) இயக்கியதும் கணினி எழவில்லை என்றால் பதற வேண்டாம், வேகத்தை மட்டும் 2933-க்கு இறக்கி வையுங்கள். 5600 வந்தபின் 3200-க்கு ஏற்றலாம். எக்ஸ்எம்பி-யை இயக்காமலே விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். பயாஸில் அதைத் தொடாவிட்டால் 3200 ரேமும் 2400-இலோ 2666-இலோதான் ஓடிக்கொண்டிருக்கும். மாட்டிய பின் சிபியு-இசட்டில் மெமரி பக்கம் பாருங்கள். அங்கே காட்டும் எண் பாதியாகத்தான் இருக்கும், 1600 என்றால் 3200 என்று பொருள்.

இருக்கும் 2400 ஸ்டிக்கோடு இன்னொரு 8 ஜிபி மட்டும் வாங்கிச் சேர்ப்பதும் ஒரு வழிதான். இரண்டும் மெதுவான ஸ்டிக்கின் வேகத்தில் ஓடும், 38.4 ஜிபி கிடைக்கும். பணம் மிகவும் நெருக்கடி என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். பின்னால் 5600 போடும்போது இதே ரேம் காலைப் பிடித்து இழுக்கும்.

எஸ்எஸ்டி 500 ஜிபி-க்குக் குறையாமல், முடிந்தால் 1 டிபி. போர்டில் எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டியை நேராகப் போர்டில் செருகும் இடம்) இருந்தால் அது வேகமான என்விஎம்இ வகையை ஏற்கிறதா, சாட்டா வகையை மட்டுமா என்று கையேட்டில் பாருங்கள். எம்.2 நிரம்பினால் ஒரு சாட்டா போர்ட் அணைந்துவிடும் போர்டுகளும் உண்டு, அந்தப் போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் இருந்தால் 'டிஸ்க் காணோம்' என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். எம்.2 இல்லாவிட்டால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும். கேமில் சாட்டாவுக்கும் என்விஎம்இ-க்கும் உள்ள வித்தியாசம் சிறிது, ஹார்ட் டிஸ்க்குக்கும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் உள்ளது பெரிது. விண்டோஸ், பேஜ் ஃபைல், நீங்கள் ஆடும் கேம்கள் எல்லாம் எஸ்எஸ்டிக்கு வரட்டும். ஹார்ட் டிஸ்க் படங்களுக்கும் பேக்கப்புக்கும்.

அடுத்தது 5600. அதன்பின் எஸ்எம்பிஎஸ்ஸும் கார்டும் சேர்த்து ஒரே தவணையில். 5600-ஐ 1050 டிஐ-யோடு இப்போதைய எஸ்எம்பிஎஸ்ஸில் ஓட்டினால் இடைக்காலத்தில் சமாளிக்கும், ஆனால் வோல்ட் அண்ணன் சொன்ன கணக்கின்படி விளிம்பில்தான். எஸ்எம்பிஎஸ்ஸை 5600-க்கு முன்பே வாங்க முடிந்தால் அதுவே நல்லது.

பதில்: ஏஎம்4_அன்பன்

டிஸ்க் 100 என்று பார்த்தபின் ரேமும் எஸ்எஸ்டியும் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ப்ராசஸர் மாற்றும் முறையை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான சேதம் இங்கேதான் நடக்கிறது.

பயாஸை 2200ஜி மாட்டியிருக்கும்போதே ஏற்ற வேண்டும். 5600-ஐ மாட்டிவிட்டு ஏற்ற முடியாது, பழைய பயாஸுக்கு அந்த ப்ராசஸரைத் தெரியாது, திரை கருப்பாகவே இருக்கும். பதிவிறக்கப் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் கீழே உள்ள குறிப்பைப் படியுங்கள். 'முதலில் இன்ன பதிப்புக்கு ஏற்றிவிட்டு இதற்கு வரவும்' என்று இருந்தால் அந்த இடைப்படியைத் தாண்டக் கூடாது. பயாஸ் சிப் 16 எம்பி மட்டுமே உள்ள பழைய போர்டுகளில் புது ப்ராசஸருக்கு இடம் வேண்டி மிகப் பழையவற்றின் ஆதரவை எடுத்திருப்பார்கள். நீங்கள் ஏற்றப்போகும் பதிப்பில் 2200ஜி இன்னும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால்தான் ஏற்றிய பின் பழைய ப்ராசஸரிலேயே சோதிக்க முடியும்.

பென் டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து, ஜிப் கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் பயாஸ் கோப்பை மட்டும் அதில் போடுங்கள். பயாஸுக்குள்ளேயே இருக்கும் ஃப்ளாஷ் கருவியில் ஏற்றுங்கள், விண்டோஸ் வழியாக வேண்டாம். நடுவில் மின்சாரம் போகக் கூடாது, யுபிஎஸ் இருந்தால் அதில் வையுங்கள்.

ஏற்றியதும் எல்லா செட்டிங்கும் அழிந்து ஆரம்ப நிலைக்கு வரும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. புது பயாஸில் சிஎஸ்எம் (பழைய முறையில் பூட் செய்யும் வசதி) அணைந்த நிலையில் வரலாம். உங்கள் விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய பகிர்வு முறை டிஸ்க்கில் இருந்தால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று நிற்கும். எதுவும் கெடவில்லை, சிஎஸ்எம்-ஐ இயக்கினால் எழுந்துவிடும். எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் போடும்போதே யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறையில், ஜிபிடி என்ற புது பகிர்வு முறை டிஸ்க்காகப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே வராது. ஏற்கெனவே எம்பிஆரில் போட்டிருந்தால் விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவி டேட்டா அழியாமல் மாற்றித் தரும். பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

இப்போது கழற்றுவது. ஏஎம்4 ப்ராசஸரின் அடியில் 1331 பின்கள் இருக்கின்றன, சாக்கெட் அதை ஒரு சிறு நெம்புகோலால்தான் பிடித்திருக்கிறது. பேஸ்ட் காய்ந்துபோன ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுத்தால் பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்தே ப்ராசஸரைப் பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். அதனால் முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் ஏதாவது கேமை ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, சூடு ஆறும் முன் ஸ்குரூக்களைக் குறுக்குக்குறுக்காகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பிறகு ஹீட்சிங்க்கை இடமும் வலமும் மெல்லத் திருகுங்கள். வழுக்க ஆரம்பித்ததும் தூக்குங்கள், அதற்கு முன் தூக்காதீர்கள். ரெய்த் ஸ்டெல்த் கூலர் என்றால் நான்கு ஸ்குரூவும் நேராகப் பின்தகட்டில்தான் பிடித்திருக்கும். கழற்றியதும் அந்தத் தகடு போர்டின் பின்னால் விழுந்துவிடும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

நெம்புகோலை முழுதாகத் தூக்கி, ப்ராசஸரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தை சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக வையுங்கள். தன் எடையிலேயே உள்ளே இறங்க வேண்டும். அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தால் ஏதோ ஒரு பின் வளைந்திருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஓரிரு பின் சற்றுச் சாய்ந்திருந்தால் மெல்லிய பிளேடு முனையை வரிசைக்கு நடுவே விட்டு நிமிர்த்தலாம், ஒரே மூச்சில் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக. பெட்டியில் வரும் புதுக் கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், அதன்மேல் இன்னும் தடவ வேண்டாம். பழைய கூலரையே போட்டால் இரண்டு பரப்பையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு நடுவில் பட்டாணி அளவு போதும்.

முதல் முறை இயக்கும்போது ஃபேன் சுற்றும், திரையில் ஒன்றும் வராது. ரேமைப் பழக்கிக்கொள்ள ஓரிரு நிமிடம் எடுக்கும், பொறுத்திருங்கள். 5600-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதும் நினைவிருக்கட்டும். மானிட்டர் கேபிள் கார்டில் இருக்க வேண்டும், போர்டின் எச்டிஎம்ஐ இனி வேலை செய்யாது.

மேகநாதம்

மிக்க நன்றி. இன்னும் மூன்று சந்தேகம். விலை குறைவு என்று 5500 எடுக்கலாமா? ஏ320 போர்டு 5600-ஐத் தாங்குமா, விஆர்எம்மில் (ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஹீட்சிங்க்கே இல்லை. பழைய கார்டு வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஏஎம்4_அன்பன்

5500-க்கும் 5600-க்கும் கோர் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் 5500-இல் எல்3 கேஷ் 16 எம்பி, பாதி. உங்கள் விக்கல் ப்ராசஸரால் வருவது என்று அளந்தே பார்த்துவிட்டீர்கள், அந்த இடத்தில் கேஷைக் குறைத்து வாங்குவது சரியல்ல. விலை வித்தியாசம் சிறிதென்றால் 5600-தான்.

விஆர்எம் பற்றி: 5600, 5700எக்ஸ் இரண்டும் 65 வாட் வகை, உச்ச மின்வரம்பு 76 வாட். ஹீட்சிங்க் இல்லாத ஏ320-உம் பொதுவாகத் தாங்கும். 5800எக்ஸ், 5900எக்ஸ் போன்றவற்றின் வரம்பு 142 வாட், பட்டியலில் பெயர் இருந்தாலும் அந்தப் போர்டில் போடாதீர்கள். இங்கே ரெய்த் ஸ்டெல்த் மாதிரி மேலிருந்து கீழே ஊதும் கூலருக்கு ஒரு நன்மை உண்டு. அதன் காற்று போர்டின்மேல் பரவி விஆர்எம்மையும் சேர்த்துக் குளிர்விக்கும். பெரிய டவர் கூலர் போட்டால் ப்ராசஸர் குளிரும், விஆர்எம் காற்றில்லாமல் வேகும். கேபினட்டின் பின்பக்கம் வெளியே தள்ளும் 120 மிமீ ஃபேன் ஒன்றும், முன்னால் உள்ளே இழுப்பது ஒன்றும் கட்டாயம் போடுங்கள்.

இன்னொரு விஷயம். ப்ராசஸர் மாற்றியதும் எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) பற்றி ஒரு கேள்வி திரையில் வரும், புது சிபியு என்பதால் பழைய சாவிகளை அழிக்கவா என்று. ஒய் அழுத்தினால் அழிந்துவிடும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால் அதன் மீட்புச் சாவி இல்லாமல் டிஸ்க் திறக்காது. எனவே மாற்றும் முன்பே பிட்லாக்கரை அணைத்துவிடுங்கள், அல்லது சாவியை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து வைப்பதும் நல்லது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 2200ஜி விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை, 5600 இருக்கிறது. அதனால் 5600 போட்ட கையோடு 11-க்குப் போகலாம். அங்கே வேலரன்ட் ஆடுவதாக இருந்தால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் இயங்க வேண்டும், சிஎஸ்எம் இயங்கினால் செக்யூர் பூட் வராது.

பதில்: பிக்சல்_தறி

கார்டு பக்கம் நான் சொல்கிறேன். ஆர்எக்ஸ் 6600 உங்கள் போர்டுக்குப் பொருத்தமான தேர்வு. அதற்கு எட்டு லேன்தான் (போர்டோடு டேட்டா பரிமாறும் பாதை) தேவை, பிசிஐஇ 3.0-இல் எட்டு லேன் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி, 1080பி-க்கு அது போதும். ஆர்டிஎக்ஸ் 4060-உம் எட்டு லேன், 115 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி என்றால் 170 வாட், கேபினட் காற்றோட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-யை விட்டுவிடுங்கள். நான்கு லேன், 4 ஜிபி மெமரி. மெமரி நிரம்பியதும் மிச்சத்தை ரேமிலிருந்து எடுக்க வேண்டும், உங்கள் 3.0 ஸ்லாட்டில் நான்கு லேன் வழியே அது நொடிக்கு 4 ஜிபி-யாகச் சுருங்கிவிடும். இப்போதைய விக்கலையே விலை கொடுத்து மறுபடி வாங்குவதாக முடியும். இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு ரீசைஸபிள் பார் (ப்ராசஸர் கார்டு மெமரி முழுவதையும் ஒரே சமயம் அணுகும் வசதி) வேண்டும். அது இல்லாமல் வேகம் வெகுவாக விழும், பழைய ப்ராசஸரோடு சேர்க்க வேண்டாம். ஏதோ காரணத்தால் எஸ்எம்பிஎஸ் மாற்றவே முடியாதவர்களுக்கு ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை இருக்கிறது. 70 வாட், தனி பவர் கேபிள் தேவையில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் 8 ஜிபி 3050-ஐவிட மெதுவானது என்பதை அறிந்து வாங்குங்கள்.

பழைய கார்டில் ஜிடிஎக்ஸ் 10 வரிசையை இனி எடுக்காதீர்கள். அதற்கான கேம் ரெடி டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபருடன் நிறுத்தியது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். ஆர்எக்ஸ் 580 என்று விற்பவற்றில் 2048எஸ்பி வகை கலந்திருக்கும். அசல் 580-இல் 2304 ஷேடர்கள் (கணக்கிடும் அலகுகள்), அதில் 2048. இன்னும் மோசமானது, பழைய கார்டின் பயாஸை மாற்றி எழுதி 1050 டிஐ என்று காட்டும் போலி. ஜிபியு-இசட்டைத் திறந்தால் அது பெரும்பாலும் போலி என்றே காட்டிக்கொடுக்கும்.

நேரில் சோதிக்க முடிந்தால் கார்டுக்கு முழுச் சுமை தரும் ஃபர்மார்க் சோதனையைப் பதினைந்து நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) வெப்பம் சாதாரண வெப்பத்தைவிட 30 டிகிரிக்கு மேல் ஏறினால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது, வெப்பம் கடத்தும் பேட் மாற்ற வேண்டியிருக்கலாம். திரையில் புள்ளியோ கோடோ தெரிந்தால் மெமரி பழுது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள், உரசலோ ஆட்டமோ இருக்கக் கூடாது. ஸ்குரூ மேல் ஒட்டிய சீல் கிழிந்திருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள், எதற்காக என்று கேளுங்கள்.

கார்டின் நீளத்தையும் கேபினட்டில் அளந்துகொள்ளுங்கள். சின்ன போர்டுகளில் சாட்டா போர்ட்கள் கார்டுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், கேபிளைக் கார்டுக்கு முன்பே செருக வேண்டியிருக்கும். என்விடியாவிலிருந்து ஏஎம்டி-க்கு மாறுவதால், சேஃப் மோடில் டிடியு கருவியால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டு, அணைத்து, கார்டை மாற்றுங்கள். மானிட்டரில் விஜிஏ மட்டும் இருந்தால் புதுக் கார்டில் அதற்கு இடமில்லை. வெறும் கேபிளால் மாறாது, உள்ளே சிப் உள்ள கன்வர்ட்டர் வேண்டும்.

எல்லாம் மாட்டிய பிறகு ரிவாட்யூனரில் எஃப்பிஎஸ் வரம்பை 72-இல் வைத்து, மானிட்டரில் ஃப்ரீசிங்க் (மானிட்டர் வேகம் படத்துக்கு ஏற்ப மாறும் வசதி) இருந்தால் அதை இயக்குங்கள். 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஒரு நொடி 140, அடுத்த நொடி 60 என்று அலைவதைவிட, 72-இல் ஆடாமல் நிற்பது கண்ணுக்கு நன்றாக இருக்கும், கார்டும் குறைந்த சூட்டில் ஓடும்.